குழாய் மூடியிருக்க அழுத்தம் குறைவது ஏன்?

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமையில், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையில் வீட்டின் பிரஷர் பம்பு நள்ளிரவில் தானாகவே ஓடத் தொடங்குமாயின், காரணத்தை இயந்திரத்தில் மட்டுமன்றிப் பூமியிலும் தேடுவது உசிதம். மான்ட்மாரில்லோனைட் என்னும் களிமண் மிகுந்த கரிசல், ஐப்பசி மழையில் நீரை உறிஞ்சி உப்பி, கோடையில் உலர்ந்து பாளம் பாளமாக வெடிக்கும் சுபாவமுடையதாதலின், வருஷந்தோறும் நிகழும் அச்சலனத்தில், உள்ளே புதைந்த பி.வி.சி. குழாயின் இணைப்புகள் சிறுகச் சிறுகத் தளர்ந்து கசியக்கூடும்.

நீர் அநேகமாக அமுங்காத திரவம். ஆகவே மூடிய குழாயிலிருந்து சொற்பம் வெளியேறினாலும் அழுத்தம் வீழ்ந்துவிடும். அவ்வீழ்ச்சியைத் தாமதப்படுத்தவே, பம்பையொட்டிய தொட்டியில், ரப்பர் பைக்கு வெளியே அடைபட்ட காற்று, சுருள்வில் போல விரிந்து நீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

பரீட்சை எளிது. மின்சாரத்தை நிறுத்தி, அழுத்தமானிக்கு அப்பால் வீட்டுக்குச் செல்லும் வால்வை அடைத்து, முள்ளைக் கவனியுங்கள். முள் அசையாதிருப்பின் கசிவு வீட்டுக் குழாயில். இறங்கினால், நீர் திரும்பாமல் தடுக்கும் வால்விலோ பம்பின் இணைப்பிலோ தோஷம். குழாயைத் திறந்ததும் மோட்டார் விட்டுவிட்டு ஓடினால், தொட்டியில் காற்றுக் குறைந்திருக்கலாம். நீரை வடித்துவிட்டு, மோட்டார் தொடங்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாகக் காற்றேற்ற வேண்டும். காற்று வால்வின் ஊசியை அமுக்கத் தண்ணீர் பீறிட்டால், பை கிழிந்ததென்று நிச்சயிக்கலாம்.

கசிந்த குழாயை மாற்றுகையில், சுற்றிலும் மணல் பரப்பிப் பதிப்பது கரிசலின் பிடியைத் தளர்த்தும்.