மோட்டாரின் பெயர்ப்பலகை சொல்வது என்ன?

உலகில் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி, பம்பு, ஃபேன், கம்ப்ரசர், கன்வேயர் என மின்மோட்டாரால் சுழலும் கருவிகளுக்கே செல்கிறது. அத்தகைய மோட்டாரை வாங்கும்போது நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவந்தவை எத்தனை ஹெச்.பி., என்ன விலை என்ற இரண்டு கேள்விகளே. இப்போது 'ஐஇ3 தானா?' என்ற மூன்றாவது கேள்வியும் சேர்ந்திருப்பது நல்ல மாற்றமே. எனினும் மோட்டாரின் உடலில் அறையப்பட்டிருக்கும் பெயர்ப்பலகையின் ஒவ்வோர் எண்ணும் மற்ற எண்கள் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டே உண்மையாகிறது என்பதால், ஐஇ3 என்ற செயல்திறன் வகுப்புக் குறியீட்டை மட்டும் தனியே பிரித்துப் படிப்பவர் பாதிச் செய்தியையே பெறுகிறார்.

அந்த எண்களுக்குப் பொருள் வகுத்த அமைப்புகள் முதன்மையாக இரண்டு. 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மின்னியல் மாநாட்டின் தீர்மானத்தைத் தொடர்ந்து 1906-இல் லண்டனில் தோன்றி, கெல்வின் பிரபுவை முதல் தலைவராகக் கொண்டு, பின்னர் ஜெனீவாவுக்கு இடம்பெயர்ந்த பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி ஒன்று. 1926-இல் உருவான அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான நேமா மற்றொன்று. சுழலும் மின்பொறிகளுக்கு ஐஇசி வகுத்த 60034 என்ற தரநிலை வரிசையையே இந்தியாவின் ஐஎஸ் 12615 தழுவி நிற்கிறது. வட அமெரிக்காவிலோ நேமாவின் எம்ஜி 1 செல்லுபடியாகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி தொழிற்கூடத்தின் தரையிலேயே தெரியும். நான்கு துருவ 7.5 கிலோவாட் ஐஇசி மோட்டாரின் சட்ட அளவு 132 என்றால், அடித்தளத்திலிருந்து ஷாஃப்ட்டின் மையம் 132 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் என்று பொருள். ஏறக்குறைய அதே திறனுள்ள 10 ஹெச்.பி. நேமா மோட்டாரின் சட்ட அளவு 215டி. அதன் முதல் இரண்டு இலக்கங்களை நான்கால் வகுத்தால் 5.25 அங்குலம், அதாவது 133.35 மில்லிமீட்டர் கிடைக்கும். ஷாஃப்ட்டின் விட்டமும் முன்னதில் 38 மில்லிமீட்டர், பின்னதில் 34.9 மில்லிமீட்டர் என வேறுபடுவதால், ஒன்றைக் கழற்றிய இடத்தில் மற்றொன்றை அப்படியே பொருத்த முடியாது.

பலகையில் காணும் 7.5 கிலோவாட் என்பது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது ஷாஃப்ட்டில் கிடைக்கும் இயந்திரத் திறன். இழுக்கும் மின்சாரம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது செயல்திறன், அதாவது உள்ளே சென்ற ஆற்றலில் வேலையாக வெளிவரும் விழுக்காடு. ஐஇசி 60034-30-1 தரநிலையின்படி, 50 ஹெர்ட்ஸில் இயங்கும் நான்கு துருவ 7.5 கிலோவாட் மோட்டாருக்கு ஐஇ1 வகுப்பில் 86.0, ஐஇ2-இல் 88.7, ஐஇ3-இல் 90.4, ஐஇ4-இல் 92.6 விழுக்காடு இருக்கவேண்டும். வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், வெப்பமாக வீணாகும் திறனாக மாற்றிப் பார்த்தால் அது முறையே 1221, 955, 796, 599 வாட் என இறங்குகிறது. அதாவது முதல் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் இடையே இழப்பு பாதிக்கும் கீழே குறைகிறது. ஆண்டுக்கு 6000 மணி நேரம் முழுச்சுமையில் ஓடும் ஆலையில் ஐஇ2-ஐ நீக்கி ஐஇ3-ஐப் பொருத்தினால் ஏறத்தாழ 950 யூனிட் மிச்சமாகவேண்டும்.

ஆனால் அந்த மிச்சம் தானாகக் கைக்கு வந்துவிடுவதில்லை. இழப்பு குறைந்த மோட்டார் பெரும்பாலும் சற்றே வேகமாகச் சுழல்கிறது. ஃபேனும் சென்ட்ரிஃபியூகல் பம்பும் கேட்கும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 1440 சுற்று ஓடிய பழைய மோட்டாரின் இடத்தில் 1460 சுற்று ஓடும் புதியது வந்தால் சுமை நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடும். 7 கிலோவாட் சுமையில் இது 300 வாட்டை நெருங்கும்போது, இழப்பில் மிச்சமானது 159 வாட் மட்டுமே. காற்றோ நீரோ கூடுதலாகக் கிடைக்கும் என்பது மெய். அது தேவைப்படாத இடத்தில் புல்லியையோ இம்பெல்லரின் விட்டத்தையோ மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றிய ஆலை, மின்கட்டணம் ஏன் குறையவில்லை என்று திகைக்க நேரிடும். விற்பனையாளர்கள் இதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

செயல்திறனுக்கு அடுத்து, மோட்டாரின் ஆயுளைத் தீர்மானிக்கும் வெப்ப வகுப்பு வருகிறது. 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழல் வெப்பத்திலும் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மிகாத உயரத்திலும் இயங்குவதாகக் கொண்டே திறன் அளவுகள் வகுக்கப்படுகின்றன. 'எஃப்' வகுப்புக் காப்பு 155 டிகிரி தாங்கும்: சூழல் 40, காயிலின் சராசரி வெப்ப உயர்வு 105, காயிலின் மிகச் சூடான புள்ளிக்கு ஒதுக்கீடு 10. 'எஃப் காப்பு, பி உயர்வு' என்று குறிக்கப்பட்ட மோட்டாரில் அந்த உயர்வு 80-க்குள் நிறுத்தப்படுவதால் 25 டிகிரி கையிருப்பாக நிற்கிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காப்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்ற நடைமுறை விதியை நினைத்தால், கொதிகலன் அறையிலும் தகரக் கூரையின் கீழும் மோட்டாரை ஓடவிடுவோருக்கு இந்த 25 டிகிரி எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது விளங்கும்.

பணிமுறையைக் குறிக்கும் எஸ்1, எஸ்2, எஸ்3 குறியீடுகளைக் கவனிப்போர் குறைவு. எஸ்1 என்பது இடைவிடாத ஓட்டம். எஸ்3 40% என்பது பத்து நிமிடச் சுழற்சியில் நான்கு நிமிடம் மட்டும் ஓடி, எஞ்சிய ஆறு நிமிடம் ஓய்வெடுப்பது. கிரேனுக்காக எஸ்3-இல் 7.5 கிலோவாட் எனக் குறித்த மோட்டாரைப் பம்பில் மாட்டி அதே சுமையில் நாள் முழுதும் ஓட்டினால் காயில் எரியும். நேமா மோட்டார்களில் காணப்படும் 1.15 என்ற சர்வீஸ் ஃபேக்டர், அதாவது குறித்த திறனுக்கு மேல் 15 விழுக்காடு தாங்கும் அனுமதி, ஐஇசி மோட்டார்களுக்கு வழக்கமாகக் கிடையாது. அமெரிக்க இயந்திரத்துக்கு மாற்று தேடுவோர் இதைப் பார்க்கத் தவறக்கூடாது.

பலகையில் காணும் ஐபி 55 என்ற பாதுகாப்புக் குறியீட்டில் முதல் ஐந்து, இயக்கத்தைக் கெடுக்குமளவு தூசி உள்ளே புகாது என்பதையும், இரண்டாவது ஐந்து, எத்திசையிலிருந்து நீரைப் பீய்ச்சினாலும் கேடில்லை என்பதையும் குறிக்கும். நூற்பாலையில் மோட்டாரின் வெளிவிளிம்புகளில் பஞ்சு படிந்து, காற்றோட்டம் அடைபட்டு, உடல் சூடேறுவதை இந்த எண் தடுக்காது.

தரநிலை வகுப்பைச் சொல்கிறதேயன்றி, எந்த வகுப்பை விற்கலாம் என்பதைச் சட்டமே முடிவுசெய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் 0.75 கிலோவாட்டிலிருந்து 1000 கிலோவாட் வரையிலான பெரும்பாலான மூன்று ஃபேஸ் மோட்டார்கள் ஐஇ3 ஆகவும், 2023 ஜூலை முதல் அவற்றுள் 75 முதல் 200 கிலோவாட் வரையிலானவற்றில் பல ஐஇ4 ஆகவும் இருக்கவேண்டும் என்பதால், கோயம்புத்தூரிலிருந்து அங்கு பம்புசெட் அனுப்புவோருக்கும் இது நேரடியாகப் பொருந்துகிறது.

இத்தனையும் பலகை புதிதாக இருக்கும் நாளுக்கு உரியவை. காயில் எரிந்து ரீவைண்டிங் பட்டறைக்குச் சென்ற மோட்டாரில், பழைய கம்பியை உருவுவதற்காக ஸ்டேட்டரைக் கட்டுப்பாடின்றி நெருப்பில் சுட்டால், மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு இடையிலான காப்புப் பூச்சு கெட்டு இரும்பு இழப்பு கூடுகிறது. கம்பியின் தடிமனைக் குறைத்துச் சுற்றினால் செப்பு இழப்பும் சேர்கிறது. வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட அடுப்பில் சுட்டு, மூலச் சுற்றுக் கணக்கையும் கம்பி அளவையும் மாற்றாமல் சுற்றிய மோட்டார் தன் செயல்திறனைப் பெரிதும் காத்துக்கொள்கிறது. இரண்டு மோட்டார்களும் அதே ஐஇ3 பலகையுடன்தான் திரும்பி வரும். ஆகையால் பட்டறையிடம் ரீவைண்டிங் செய்வதற்கு முன்னும் பின்னும் ஸ்டேட்டர் இரும்பின் இழப்பை அளந்து எழுதித் தரக் கேட்பதும், சுமையின்றி ஓடும்போது இழுக்கும் ஆம்பியரைப் பழைய பதிவுடன் ஒப்பிடுவதும் ஆலையின் பொறுப்பு.