யாரும் இல்லாத அறையில் மாமியார் குரல்

எழுந்திரு. போய்க் குளி. சமையலறைக்குப் போய் சாப்பாடு செய்.

எந்த வீட்டிலும் கேட்கும் அதட்டல்தான். சொல்வதும் அம்மாவோ மாமியாரோ நாத்தனாரோதான். சிக்கல் ஒன்றே ஒன்று: அறையில் யாரும் இல்லை.

மனச்சிதைவு நோய் எனப்படும் ஸ்கிசோஃப்ரினியாவுக்குச் சென்னையில் சிகிச்சை பெறுபவர்களிடம், காதில் விழும் குரல்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டபோது கிடைத்த பதில்கள் இந்த ரகம். கேட்டவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மானுடவியலாளர் தான்யா லூர்மனும் சென்னை ‘ஸ்கார்ஃப்’ அமைப்பின் மனநல மருத்துவர் ஆர். பத்மாவதி உள்ளிட்ட ஆய்வுக் குழுவினரும். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய அமைப்பு ஸ்கார்ஃப். கலிபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் தலைநகர் அக்ரா, சென்னை என மூன்று இடங்களில் தலா 20 பேரை இக்குழு விரிவாகப் பேட்டி கண்டது. 2015இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி’யில் முடிவுகள் வெளிவந்தன.

நோய் ஒன்றுதான். குரல்கள்தான் வேறு வேறு. சான் மேட்டியோவில் அவை பெரும்பாலும் முகம் தெரியாத எதிரிகள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லித் தூண்டுபவை. அங்கே ஒருவர்கூட தன் அனுபவம் பெரும்பாலும் நல்லது என்று சொல்லவில்லை. அக்ராவில் பாதிப்பேர் அப்படித்தான் சொன்னார்கள். பலரிடம் பேசியது கடவுள். சென்னையிலோ பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சொந்தபந்தங்களின் குரல். பெரியவர்கள் சின்னவர்களுக்குப் புத்தி சொல்வதுபோல என்று ஒருவர் விவரித்திருக்கிறார். புத்தி சொல்லும் பெரியவர்கள் திட்டவும் செய்வார்கள் அல்லவா? அந்தக் குரல்களும் திட்டின.

லூர்மன் தரும் விளக்கம் இது: அமெரிக்கருக்கு மனம் என்பது வேலி போட்ட சொந்த நிலம். அழையாத குரல் உள்ளே நுழைந்தால் அது அத்துமீறல், மூளை கெட்டுப்போனதற்கு அடையாளம். சென்னையிலும் அக்ராவிலும் மனிதர்கள் தங்களை உறவுகளோடு சேர்த்தே எண்ணிப் பார்க்கிறார்கள். குரலும் அவர்களுக்கு ஓர் ஆளாகிவிடுகிறது.

ஆங்கில ஆய்வைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தால் பெயரிலேயே இடறுகிறது. அகராதி தரும் சொல் ‘மாயத்தோற்றம்’. தோற்றம் கண்ணுக்கு உரியது. காதில் விழுவதை எப்படித் தோற்றம் என்பது? மரபில் ‘அசரீரி’ இருக்கிறது. கம்சனை எச்சரித்த அந்தக் குரல், ‘ஆகாசவாணி’ என்ற பெயரில் டெல்லியின் வானொலிக்கே போய்ச் சேர்ந்தது. உடலில்லாத குரலுக்கு இவ்வளவு கௌரவமான இடம் இருக்கும் ஊரில், அதைக் கேட்பவர் முதல் நாளே தன்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. சான் மேட்டியோவில் பெரும்பாலோர் நோயின் பெயரைத் தாங்களாகவே குறிப்பிட்டார்கள். சென்னையில் அப்படிச் சொன்னவர்கள் சிலரே.

குரல் எங்கிருந்து வருகிறது? 1993இல் லண்டனில் ஃபிலிப் மெக்கைர் குழுவினர், குரல் கேட்கும் நேரத்தில் நோயாளிகளின் மூளையில் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். கூடுதல் ஓட்டம் தெரிந்தது ‘ப்ரோக்கா’ பகுதியில். அது பேச்சை உருவாக்கும் பகுதி. நோயாளி தன் மனப்பேச்சையே வேறொருவர் பேச்சாகக் கேட்கிறார் என்ற கருத்துக்கு இது வலு சேர்த்தது. 2017இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வேறொரு சோதனை. ஒரு படத்தையும் ஓர் ஒலியையும் திரும்பத் திரும்பச் சேர்த்துத் தந்துவிட்டு, பிறகு படத்தை மட்டும் காட்டினார்கள். வராத ஒலியைக் கேட்டதாகப் பலர் சொன்னார்கள். ஏற்கெனவே குரல் கேட்பவர்கள் இன்னும் அதிகமாக. மூளை தான் எதிர்பார்ப்பதையே கேட்கிறது என்றால், கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த மூளை யார் குரலை எதிர்பார்க்கும்?

இதை வைத்து நம் பண்பாட்டுப் பெருமை பாடக் கிளம்ப வேண்டாம். தலா 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மூன்று ஊர்களிலும் நல்ல குரல்களும் இருந்தன, கொடியவையும் இருந்தன. குரலைச் சாமி என்றோ பேய் என்றோ எண்ணும் குடும்பம் மருத்துவரிடம் வர ஆண்டுக்கணக்கில் தாமதிக்கலாம். தாமதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

மருந்து பெரும்பாலோருக்குக் குரலை அடக்குகிறது. அடங்காதவர்களும் கணிசம். அவர்கள் என்ன செய்வது? 1987இல் நெதர்லாந்து மனநல மருத்துவர் மரியுஸ் ரோம், தன் நோயாளி ஒருவரோடு தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் தொடர்புகொள்ளுங்கள் என்றார். நூற்றுக்கணக்கானோர் தொடர்புகொண்டார்கள். அவர்களில் கணிசமானோர் குரலோடு ஒத்துப்போகத் தாங்களே வழி கண்டிருந்தார்கள். ‘இப்போது வேலை இருக்கிறது, மாலையில் வா’ என்று குரலுக்கு நேரம் ஒதுக்குவது இன்று உலகெங்கும் குரல் கேட்போர் குழுக்கள் சொல்லித்தரும் உத்திகளில் ஒன்று.

பிரிட்டனின் ஜூலியன் லெஃப் இன்னும் ஒரு படி போனார். இவர் நமக்கு அந்நியர் அல்ல. 1980களில் சண்டிகரில் மருத்துவர் என்.என். விக் உள்ளிட்டோருடன் சேர்ந்து நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்தவர். லண்டன் குடும்பங்களைவிடச் சண்டிகர் குடும்பங்களில் கடுமையான குறைகூறல் குறைவு. வீட்டார் பகைமை காட்டினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். அதாவது, நிஜமான மாமியார் என்ன தொனியில் பேசுகிறார் என்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

பிற்காலத்தில் அதே லெஃப் உருவாக்கியது ‘அவதார்’ சிகிச்சை. பெயர் நம்முடையது, கருவி கணினி. தன்னைத் துன்புறுத்தும் குரலுக்கு நோயாளி திரையில் ஒரு முகம் அமைக்கிறார். சிகிச்சையாளர் அந்த முகத்தின் வழியே பேச, நோயாளி எதிர்த்து நிற்கப் பழகுகிறார். முகம் மெல்ல மெல்லத் தணிந்துபோகிறது. 150 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017இல் வந்தது. 12 வாரங்களில், ஆறுதல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குக் குரலின் கடுமை குறைந்திருந்தது. 24 வாரங்களில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம்.

லண்டன் நோயாளி முகத்தின் வடிவத்தையும் குரலின் தொனியையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சென்னை ஆய்வில் பேசியவர்களில் பாதிப்பேருக்கு அது மாமியாரா அக்காவா என்று முதலிலேயே தெரிந்திருந்தது.