கிர்ட்லாந்துக் கதிர்க்குருவி

காட்டுத் தீ உயிர்களை அழிக்கும் என்பதை யாவரும் அறிவர். ஆயினும், தீ மூளாவிடில் கூடு கட்ட இடமின்றி வருந்தும் பறவை ஒன்றும் உலகில் உண்டு. அதுவே வட அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்துப் பைன் காடுகளில் வாழும் கிர்ட்லாந்துக் கதிர்க்குருவி. 1851-ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தில், மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கிர்ட்லாந்து என்பாரின் பண்ணையில் கிடைத்தமையால், இஃது அவர் பெயரைப் பெற்றது.

இப்பறவையை இனங்கண்டு கொள்வது எவ்வாறு? இதன் முதுகு நீலங்கலந்த சாம்பல் நிறம். மார்பும் வயிறும் எலுமிச்சை மஞ்சள். விலாப்புறங்களில் கருங்கோடுகள் உண்டு. கண்ணின் மேலும் கீழும் இரு வெண்பிறைகள் விளங்கும். பெண் பறவையின் நிறம் சற்று மங்கலானது. எடை ஏறத்தாழ 14 கிராம். நிறத்தினும் சிறந்த அடையாளம் ஒன்றும் உண்டு: இது வாலை ஓயாது மேலும் கீழும் அசைத்துக்கொண்டேயிருக்கும். ஆண் பறவை மரத்தின் உச்சியில் அமர்ந்து உரத்த குரலில் பாடும்.

குளிர்காலத்தைப் பகாமாத் தீவுகளில் கழித்து, மே மாதத்தில் இது மிச்சிகனுக்குத் திரும்பும். பூச்சிகளும் காட்டுக் கனிகளும் இதன் உணவு. கூட்டையோ மரத்தின்மேல் கட்டுவதில்லை. தாழ்ந்த கிளைகளின் மறைவில், மணற்பாங்கான தரையில், புல்லிடையே அமைக்கும். ஆகவே, ஏறத்தாழ 5 முதல் 20 ஆண்டு வரை வளர்ந்த ஜாக் பைன் மரங்களே இதற்கு ஏற்றவை. மரம் முதிர்ந்தால் கீழ்க்கிளைகள் பட்டுப்போகும். கூட்டுக்கு மறைவு இராது.

இளமரங்கள் தோன்றுவதற்குத் தீ எவ்வாறு உதவுகிறது? ஜாக் பைன் மரத்தின் கூம்புக் காய்கள் பிசினால் மூடப்பட்டவை. வெப்பம் பட்டதும் பிசின் உருகும்; காய் விரியும்; விதைகள் சாம்பல் படிந்த மண்ணில் விழுந்து முளைக்கும். மக்கள் காட்டுத் தீயை உடனுக்குடன் அணைக்கத் தொடங்கவே, இளங்காடு குறைந்தது. குயிலைப் போலப் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் மாட்டுக்குருவியும் கேடு விளைத்தது. 1951-இல் 432 ஆக இருந்த பாடும் ஆண் பறவைகள், 1971-இல் 201 ஆகக் குறைந்தன.

1972 முதல் மாட்டுக்குருவிகளைப் பொறிவைத்துப் பிடித்தனர். இளங்காடு தோன்றும் பொருட்டுச் சிற்சில இடங்களில் தாமே தீயிட்டனர். 1980-இல் அவ்வாறு இட்ட தீ ஒன்று மாக் ஏரிப் பகுதியில் கட்டுமீறிப் பரவி, வீடுகளை எரித்ததோடு பணியாளர் ஒருவரின் உயிரையும் கவர்ந்தது. அந்நிலத்தில் எழுந்த இளங்காட்டில் பின்னர்ப் பறவைகள் பெருகின என்பதும் உண்மையே. எனினும், ஊர்கள் சூழ்ந்த காட்டில் தீயை நம்பியிருத்தல் இயலாது. ஆதலின், முதிர்ந்த மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டி, கன்றுகளை நடும் முறையையே பெரிதும் கைக்கொண்டனர். 2015-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆண் பறவைகள் 2,300-க்கு மேல் இருந்தன. 2019-இல் இப்பறவை, அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. இன்று நட்ட கன்றும் 20 ஆண்டுகளில் முதிர்ந்துவிடும். ஆகவே மீண்டும் மீண்டும் நடுதல் வேண்டும். ஒரு பறவையின் பழக்கங்களைப் பொறுமையுடன் கண்டறிந்தோரே அதனைக் காக்கவும் வல்லராவர்.