மழையும் நம் கால்பந்துக் குழுவும்

தமிழகத்திலிருந்து மேற்படிப்புக்காக இங்கு வரும் மாணவர் பலர், ஊரில் கால்பந்து ஆடிப் பெயர் எடுத்தவர்கள். செம்மண் திடலில், புழுதி பறக்க ஆடிப் பழகிய கால்கள் அவை. ஆனால், தேவ்நாருக்கு வந்த முதல் மாதத்திலேயே அவர்களிற் சிலர் பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "இந்த மழையில் என்ன ஆட்டம்?" என்பதே விடை. முதுகலை மாணவனுக்கு இரண்டே ஆண்டுகள். அதாவது இரண்டே பருவங்கள். அவற்றில் ஒன்றை மழைக்குக் கொடுத்துவிட்டால் எஞ்சுவது பாதி. குழுவுக்கும் அது இழப்புத்தான்.

இந்நகரில் கால்பந்து மழைக்கு அஞ்சி ஒதுங்குவதில்லை, மழையோடு வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. அக்டோபர் முதல் மே வரை மும்பையின் மைதானங்களில் கிரிக்கெட்டின் ஆட்சி. வானம் பொத்துக்கொண்டதும் கிரிக்கெட் விலகும். அந்த இடைவெளியில் புகுந்து வேரூன்றிய ஆட்டமே கால்பந்து. (1948இல் தொடங்கிய காங்கா லீக் என்று ஒன்று உண்டு. மழைக்காலத்திலும் கிரிக்கெட்டை விடாதவர்கள் அவர்கள்! பைத்தியம் நமக்கு மட்டும் அன்று.) ரோவர்ஸ் கோப்பை 1891இல் வெள்ளையர் காலத்தில் தோன்றியது. அதை முதன்முதலில் வென்ற இந்தியக் குழு, 1937இல் வந்த பெங்களூர் முஸ்லிம்கள். 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஐதராபாத் நகரப் போலீசார் அதை வென்றனர்.

மழை என்றால் எவ்வளவு மழை? சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மும்பையில் ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல். கல்லூரி திறப்பதும், ஆட்டக்காரர் தேர்வும், பயிற்சியும் இந்த நீருக்குள்தான். தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் போட்டியானால், ஒரு நாள் வழுக்கி விழுந்தாலே பருவம் முடிந்தது.

நனைந்த திடலில் பந்து ஏன் நம் சொல்லைக் கேட்பதில்லை? பௌதிகம் படிப்பவன் ஆதலால் இதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசை. தரையோடு உதைத்த பந்து முதலில் உருள்வதில்லை, வழுக்கிக்கொண்டு செல்கிறது. தரையின் உராய்வு அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே அதைச் சுழலச் செய்கிறது. பந்தை மெல்லிய உள்ளீடற்ற கோளம் என்று கொண்டு கணக்கிட்டால், தொடக்க வேகத்தில் ஐந்தில் மூன்று பங்காகக் குறையும்போது அது வழுக்குவதை விட்டு உருளத் தொடங்கும். இதில் வியப்பு என்னவென்றால், உலர்ந்த தரையானாலும் ஈரத் தரையானாலும் அந்த ஐந்தில் மூன்று மாறுவதில்லை. மாறுவது தூரம். உராய்வு பாதியானால், வழுக்கிச் செல்லும் தூரம் இரு மடங்கு. ஊரில் நண்பனின் காலடியில் போய் நின்ற அதே உதை, இங்கே அவனைக் கடந்து எல்லைக் கோட்டைத் தாண்டிவிடுவதன் மர்மம் இதுதான்.

இது புல்லின் மேல் நீர் மெல்லப் படிந்திருக்கும்போது. சேறு குழம்பிய இடத்திலோ கதையே வேறு. அங்கே விழும் பந்தின் ஆற்றலைச் சேறு விழுங்கிவிடும். பந்து எழும்பாது, நகராது. ஒரே திடலில் ஓரங்களில் புல்லும் கோல் முகப்பில் சேறும் இருந்தால், ஒரே பந்து இரண்டு பந்துகளாக நடந்துகொள்ளும். ஆகவே, ஆட்டம் தொடங்குமுன் திடலை ஒருமுறை சுற்றி நடந்து வருவது வீண்வேலை அன்று. ஓரங்களில் தரையோடு கொடுங்கள். நடுவில் தூக்கிக் கொடுங்கள்.

அடுத்தது கால். வெறுங்கால் ஆட்டம் நம் நாட்டின் பெருமை. 1911இல் மோகன் பாகன் குழுவினர் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடியே கிழக்கு யார்க்‌ஷயர் படையினரை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் பெற்றனர். ஆனால் சேறு பெருமை அறியாது. கல்கத்தா லீக்கில் 1934 முதல் 1938 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் குழுவினர், நனைந்த திடலில் பூட்ஸ் அணிந்து ஆடியது அவர்களுடைய வெற்றிக்கு ஒரு காரணம். பூட்ஸின் ஸ்டட்டுகள் உடலின் எடையைச் சிறு சிறு புள்ளிகளில் குவிக்கின்றன. அவை மேலே உள்ள வழுக்கலைத் துளைத்து, அடியில் உள்ள கெட்டி மண்ணைப் பற்றுகின்றன. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1க்கு 10 என்று தோற்ற பிறகே, நம் நாட்டில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஊரில் ஆடிய தேய்ந்த பூட்ஸையே இங்கும் மாட்டிக்கொண்டு வருவோர், அந்தப் பழைய பாடத்தைத் தம் முழங்காலில் மறுபடி படிக்கிறார்கள்.

கோல்கீப்பரின் பாடு இன்னும் கடினம். தரையோடு வரும் பந்து அவர் எண்ணியதைவிட முன்னதாக வந்து சேரும். கைக்குள் வந்த பின்னும் நழுவும். ஆகவே கையை மட்டும் நீட்டாமல், உடலைப் பந்தின் பின்னால் கொண்டுவர வேண்டும். பிடிக்க முடியாததைப் பக்கவாட்டில் தட்டிவிட வேண்டும். நேர் எதிரே விடலாகாது. இந்த இடத்துக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது எல்லாக் குழுவிலும் கேட்கும் புலம்பல். பீட்டர் தங்கராஜ் நடுமுன்னணி ஆட்டக்காரராகத் தொடங்கியவர்தாம். பிறகு கோலுக்கு மாறி, 1956, 1960 ஒலிம்பிக் குழுக்களிலும், 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற குழுவிலும் இடம்பெற்றார். முன்னணியில் இடம் கிடைக்காதவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்று, ஆட்டத்தில் சேராத ஆட்டம்: கோவண்டியிலிருந்து ஹார்பர் ரயில். கூப்பரேஜில் பந்தயம் என்றால் கடைசி நிலையம் வரை போயாக வேண்டும். கனமழையில் குர்லா, சூனாபட்டிப் பக்கம் தண்டவாளம் மூழ்கினால் வண்டி நின்றுவிடும். பதினொருவரும் ஒரே வண்டியில் ஏறாமல், நால்வரோ ஐவரோ முதல் வண்டியில் பூட்ஸும் சட்டைகளும் கொண்டு முந்திப் போய்விடுவது நல்லது.

புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு சொல். பயிற்சி நாளன்று மழை கொட்டினால், பயிற்சி இல்லை என்று எண்ணி அறையில் இருந்துவிட வேண்டாம். அன்றுதான் குழுத் தலைவர் ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்.