உப்பு லாரிக்குப் புது ரேடியேட்டர்

அனுமந்தை, மரக்காணம் பகுதிகளின் உப்பளங்களில் வேலை நடப்பது கோடையும் அதனை அடுத்த மாதங்களுமே. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். ஆகவே, உப்பு வாரும் காலத்தில் லாரி ஒரு நாள் நின்றாலும் நஷ்டந்தான். கடற்காற்றில் விரைவில் கெடக்கூடிய உறுப்புக்களுள் ரேடியேட்டர் முக்கியமானது. அது ஒழுகத் தொடங்கியவுடன், லாரி செய்த கம்பெனியின் சாமானையே வாங்குவதா, விலை குறைந்த வெளிக்கம்பெனிச் சாமானை வாங்குவதா என்னும் கேள்வி எழுகின்றது.

யந்திரத்தில் எரியும் டீசலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய கால் பங்கை ஜலமே வெளியே சுமந்து வருகின்றது. அந்த ஜலம் மெல்லிய குழல்களின் வழியே இறங்க, குழல்களிடையே உள்ள தகட்டு மடிப்புக்களைக் காற்று குளிர்விக்கின்றது. 1900-ம் ஆண்டில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டருக்கும் இன்றைய ரேடியேட்டருக்கும் தத்துவம் ஒன்றே. உலோகம் மட்டும் மாறிவிட்டது. பழைய லாரிகளில் செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும் இருந்தன. ஓட்டை விழுந்தால் உள்ளூர்ப் பட்டறையிலேயே பற்றவைத்துவிடலாம். பிற்கால லாரிகளில் அலுமினியக் குழல்களும் பிளாஸ்டிக் தொட்டிகளுமே பெரும்பான்மை. இவை எடை குறைந்தவை. ஆனால் ஈயப்பற்றுக்கு இணங்கா.

இக்கரையில் ரேடியேட்டருக்குச் சத்துரு இரண்டு. வெளியே உப்புக் காற்றும், மூட்டையிலிருந்து சிந்தும் உப்பும் தகட்டு மடிப்புக்களை அரித்துப் பொடியாக்குகின்றன. உள்ளே, டிரைவர் அவசரத்திற்கு வார்க்கும் கிணற்று ஜலத்தின் உவர் அலுமினியத்தில் ஊசிமுனைத் துவாரங்களை உண்டாக்குகின்றது. இரண்டாவது சத்துருவை நாமே விலைக்கு வாங்காமல் வீட்டிற்குள் அழைக்கின்றோம் என்றால் மிகையாகாது.

வாங்குமுன் பழுது ரேடியேட்டரில்தானா என்று அறிவது அவசியம். விசிறி பெல்ட் தளர்ந்தாலும், தெர்மோஸ்டாட் திறவாமல் நின்றாலும், மூடியின் ரப்பர் தேய்ந்தாலும் யந்திரம் கொதிக்கும். யந்திரம் ஓடும்போது ரேடியேட்டர் ஜலத்தில் இடைவிடாது குமிழிகள் எழுமாயின், ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம்; அந்நிலையில் புது ரேடியேட்டர் வாங்குவது வீண் செலவு.

உத்தரவாதக் காலத்திலுள்ள லாரிக்குக் கம்பெனிச் சாமானே தக்கது. அக்காலம் கடந்த லாரிக்கு வெளிக்கம்பெனிச் சாமானை விலக்க வேண்டுவதில்லை. ஆயின் “அதே மாடல்” என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பலாகாது. பழையதைக் கழற்றி உடன் கொண்டுசென்று, உயரம், அகலம், கனம், குழல் வரிசைகள், ஹோஸ் பைப் மாட்டும் வாய்களின் விட்டம், தாங்கித் துளைகள் ஆகியவற்றை அளந்து ஒப்பிடல் வேண்டும். மலிவான சாமானில் பெரும்பாலும் குறைக்கப்படுவது குழல் வரிசையும் மடிப்புக்களின் நெருக்கமுமே. காலி வண்டியில் இக்குறை தெரியாது. முழுப் பாரத்துடன் சித்திரை வெயிலில் திண்டிவனம் செல்லும்போது தெரியும். மூடியையும் கவனிக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி, 100 டிகிரியில் கொதிக்கும் ஜலத்தை ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதியாமல் காக்கும். அழுத்தம் குறைந்த மூடியைப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

யந்திரம் நன்றாக ஆறிய பின்னரே மூடியைத் திறக்கவேண்டும். சூட்டில் திறந்து முகம் வெந்தவர் பலர். புதியதைப் பொருத்துமுன் யந்திரத்தின் உட்புறத்தை நல்ல ஜலத்தால் அலசி, துருவை வெளியேற்றாவிடில் அத்துரு புதுக் குழல்களை அடைத்துவிடும். விசிறி இறகு ரேடியேட்டரை உரசாதபடி இடைவெளி பார்த்து, தாங்கி ரப்பர்களையும் பழைய ஹோஸ் பைப்புக்களையும் கூடவே மாற்றுதல் நலம். பிறகு பாட்டரிக்கு வார்க்கும் வடித்த ஜலத்தில் லாரிக்குரிய கூலண்டைக் கலந்து மெதுவாக வார்த்து, யந்திரத்தைச் சிறிது ஓட்டி, காற்று வெளியேறி மட்டம் இறங்கியதும் மீண்டும் நிரப்பவேண்டும். டிரைவரிடம் இதே கலவையில் ஒரு கேன் எப்போதும் இருப்பின் கிணற்றைத் தேடமாட்டார்.

உப்பு ஏற்றும் நாட்களில் வாரம் ஒருமுறை விசிறிப் பக்கத்திலிருந்து நல்ல ஜலத்தை மெல்லப் பாய்ச்சி மடிப்புக்களைக் கழுவலாம். வேகமாகப் பீச்சினால் அவை மடங்கிவிடும். கழற்றிய ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாயிருந்தால் அதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வரலாகாது. எடைக்குப் போட்டால் புதியதன் விலையில் ஒரு பகுதி கிடைக்கும்.