புகைபிடிப்போருக்கு ஒரு பெருக்கல் கணக்கு

நுரையீரல் புற்றுநோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. இருமலில் இரத்தம் வரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். முன்கூட்டியே கண்டறிய எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், இறப்பு குறையவில்லை. விலா எலும்பு, இதயம் ஆகியவற்றின் நிழலில் சிறு கட்டி மறைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 2002-இல் தொடங்கிய ஆய்வில், கடுமையாகப் புகைத்த சுமார் 53,000 பேர் சேர்ந்தனர். வயது 55 முதல் 74 வரை. ஒரு பாதியினருக்கு எக்ஸ்ரே, மறுபாதியினருக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன், ஆண்டுக்கொரு முறையாக மூன்று தடவை. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்ததை 2011-இல் அறிவித்தனர்.

'கடுமையாக' என்பதற்கு அளவு உண்டு. பாக்கெட்டுக்கு 20 சிகரெட். தினசரி பாக்கெட் எண்ணிக்கையை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். நாளுக்கு 10 சிகரெட், 40 ஆண்டு என்றால் 20 'பாக்கெட் ஆண்டு'. (நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.) அந்த ஆய்வில் சேர 30 வேண்டியிருந்தது, 2021 முதல் அமெரிக்கப் பரிந்துரை, 50 வயது முதல் 20.

ஆனால் ஸ்கேனில் ஐயத்துக்குரியதாகத் தெரிந்தவற்றில் நூற்றுக்குச் சுமார் 96 புற்றுநோயே அல்ல. காசநோய்த் தழும்பு மிகுந்த நம் நாட்டில் குழப்பம் கூடும். எல்லாருக்கும் ஸ்கேன் என்பது சரியன்று. இக்கணக்கில் வரும் சக ஆசிரியர் இருந்தால், நெஞ்சக நோய் மருத்துவரிடம் தம் எண்ணைச் சொல்லிக் கேட்கட்டும்.