பரணில் கிடக்கும் பழைய டிவியை என்ன செய்வது?

மதுரையில் பல வீடுகளின் பரணில் பழைய குழாய் டிவி ஒன்று இன்னும் கிடக்கிறது. அவற்றில் பல அரசு கொடுத்தவை. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், 2011 வரை தமிழகம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான 14 அங்குல டிவிகள் வழங்கப்பட்டன. அதன்பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்களுக்கு மடிக்கணினி என்று வந்தன. இவற்றுக்கும் ஒருநாள் வயதாகும்.

உடையாத டிவியால் ஆபத்து இல்லை. உடைக்கும்போதுதான் பிரச்சினை. கதிர்வீச்சைத் தடுப்பதற்காகப் படக்குழாயின் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் போர்டின் பற்றவைப்பிலும் ஈயம் உண்டு.

காயலான் கடையில் குழாயின் கழுத்தில் சுற்றிய செம்புக் கம்பிக்குத்தான் விலை. அதை எடுக்கக் குழாயை உடைக்கிறார்கள். குழாய் டிவிகளை இப்போது யாரும் வாங்குவதில்லை என்பதால் அந்தக் கண்ணாடிக்கு விலை கிடையாது. அது குப்பையிலோ கண்மாய்க் கரையிலோ போய்ச் சேர்கிறது. வயரை எரித்துச் செம்பு எடுத்தால், புகையோடு டையாக்சின் என்ற நச்சும் பரவும்.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்கள் கண்மாய்களையும் கிணறுகளையும் நம்பி வாழ்பவை. மண்ணில் சேர்ந்த ஈயம் மட்கிப் போகாது. உடைப்பவரின் கையிலும் சட்டையிலும் ஒட்டிய தூசி அவர் வீட்டுக் குழந்தையிடமும் வரும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று அதில் எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தத் தொழிலை நம்பி நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, விற்ற பொருளுக்கு ஈடாக மின்கழிவு மறுசுழற்சி செய்யப்படுவதற்குத் தயாரிப்பு நிறுவனமே பொறுப்பு. மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனாலும் ஐ.நா. அறிக்கையின்படி 2022ல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரிக்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை எளிமையானவை. பழுது பார்த்து ஓடும் பொருளை ஓட விடுவோம். வீண்விரயம் கூடாது என்பது நாம் அறிந்ததுதான். ஓடாததை உடைக்காமல், அன்றாடக் குப்பையோடு சேர்க்காமல் தனியே வைப்போம். கொடுக்கும்போது, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரா என்று கேட்போம். பழைய போனில் உள்ள படங்களையும் கணக்குகளையும் அழித்துவிட்டுக் கொடுப்போம்.

ஒரு டிவிக்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். மஹல்லா ஜமாஅத் ஆண்டுக்கு ஒருநாள் குறித்து, தெருவில் உள்ளதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தால் வண்டி வரும். காயலான் கடைக்காரரையே சேகரிக்கச் சொல்லி, உடைக்காமல் முழுதாக ஒப்படைத்தால் அவர் பிழைப்பும் கெடாது.